ஆறடி வார்

சென்னைப் பட்டணத்தில் கட்டடப் படம் வரையும் உத்தியோகத்தில் விளங்கிவரும் என் மூத்த குமாரன் தானியேல் அவர்களின் சமூகத்துக்கு, ஆம்பூரிலிருந்து தங்கள் தாயார் மிகுந்த மரியாதையோடும் அதனினும் மிகுந்த அன்போடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தகப்பனாரும் சுகமாக இருக்கிறோம். தங்களுடைய நாலு வரிக் கடிதம் என் கைக்கு வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடந்துவிட்டன. உடனே பதில் எழுதாத குற்றத்தை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தாமதத்துக்குத் தபால்காரரோ, மைக்கூடோ, என் மூக்குக்கண்ணாடியோ பொறுப்பல்ல. நான்கு முறை எழுதி நான்கு முறையும் நானே கிழித்தேன். இந்த ஐந்தாவது முறை கிழிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். ‘தாங்கள்’ என்பது இத்துடன் நிற்கட்டும். இனிமேல் நான் ஒப்புக்கொள்ளப்போகும் காரியத்தை, உன்னை ‘நீ’ என்று அழைத்தால்தான் என் பேனா எழுதும்.

உன் கடிதத்தில் நீ எழுதியிருந்ததை மறுபடியும் உனக்கே நினைவூட்டுகிறேன். வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எஸ்தரை உனக்குக் கொடுப்பதாக நம் உபதேசியார் மூலமாகப் பெண் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். அதற்கு உன் பதில்: ‘அந்தப் பெண்ணின் தகப்பனார் யாரென்று இப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் போலீஸ் சேவகத்துக்கு ஆள் எடுத்தபோது வேலூர் மைதானத்தில் என்னைக் குறைத்து அளந்த டபேதார் அவர்தான். என் தாயாரைக் கூட்டத்தில் கேலி செய்தவரும் அவர்தான். அவர் வீட்டு வாசலை நான் மிதிப்பதற்கில்லை.’ நல்லது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு நீ எழுதிய கடிதமும் என் பெட்டியில் இருக்கிறது. காவேரிப்பாக்கத்தில் உன் சிநேகிதனின் கல்யாணத்துக்குப் போன கதை அது. பந்தலுக்குள் ஒன்பது மேசைகள் போடலாம் என்று நீ சட்டைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்து அளந்து சொன்னாய். நடுவில் நின்ற கம்பத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தாய். யாரோ ஒரு வேலூர் டீச்சர், எஸ்தராம், கையால் சாண் போட்டுப் பார்த்து, எட்டுதான் கொள்ளும் என்றாள். எட்டுதான் கொண்டது. இதை நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், தானியேல். பிடிக்காத பெண்ணின் சாணைப் பற்றி ஒருவனும் இரண்டு பக்கம் எழுத மாட்டான்.

ஆகவே, நீ வேண்டாமென்று சொன்னது எஸ்தரை அல்ல, அவள் தகப்பனாரை. அதுவும் என் பொருட்டு. அதனால்தான் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ மறைத்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. டபேதாரின் அநியாயத்தை நீ யார் யாரிடம் சொல்லியிருக்கிறாயோ, உன் அறையில் தங்கியிருக்கும் சிநேகிதர்கள் உட்பட, அவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டு. தப்பு நடந்தது உண்மை. அதைச் செய்தது யாரென்பதில்தான் நீ ஒன்பது வருஷமாக ஏமாந்திருக்கிறாய்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மாணவியாக உட்கார்ந்தவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். எப்படிப் படித்தேன் என்பதை முழுதாகச் சொன்னதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடத்துக் காகிதத்துக்குக் கோடு போட ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது கோடு போட்ட காகிதம் சுலபமாகக் கிடைக்காது. வெள்ளைத் தாளின் மேல் உருண்டையான ரூல் தடியை வைத்து, அரைச் சுற்று உருட்டி ஒரு கோடு, மறுபடியும் அரைச் சுற்று உருட்டி ஒரு கோடு என்று கையால்தான் போட வேண்டும். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் அந்த வேலையைச் செய்தேன். ஓர் எழுத்தும் அறியாதவள், எழுத்துகள் உட்காருவதற்கு இடம் போட்டுக்கொடுத்தேன். உள்ளே பிள்ளைகள் பாடத்தை உரக்கச் சொல்வார்கள். எனக்கு அது மனப்பாடமாகிவிடும். எழுதி முடித்த பழைய தாள்களைச் சாமான் கட்டுவதற்காக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவேன். அதில் நாற்பது பிள்ளைகள் ஒரே பாடத்தை நாற்பது விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருப்பது எழுத்து, தாளுக்குத் தாள் மாறுவது பிள்ளையின் கைக்கோணல் என்று நானே பிரித்தறிந்தேன். ஒரு வருஷத்தில் வாசித்தேன், மறுவருஷத்தில் எழுதினேன். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமை கொஞ்சம் அதிகமாகப் போனதால்தான் மேற்கொண்டு நடந்ததெல்லாம் நடந்தது.

கோடு போடப் பழகிய கைக்கு அளக்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் பித்தளை முனை வைத்த ஓர் அடிக்கோல் இருந்தது. ஒரு சனிக்கிழமை அதைக் கேட்டு வாங்கிவந்தேன். திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதைப் பார்த்து எனக்கென்று ஓர் அளவுகோல், அதுவும் ஓரடி அல்ல, ஆறடிக்குச் செய்துகொள்ளத் தீர்மானித்தேன். மரத்தில் செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். மரம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தோல் ஊரில் குடியிருப்பவர்களுக்குக் கதவுக் கீல் போனாலும் தோல், வாளிப் பிடி அறுந்தாலும் தோல், எதற்கும் தோல்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். உன் அப்பா அப்போது கிடங்கில் தோல் சீவும் வேலையில் இருந்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, குழியிலிருந்து ஏறி இரண்டு நாளே ஆன மாட்டுத்தோலின் விளிம்பிலிருந்து நீண்ட வார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐப்பசி மாதம், விடாத மழை. ‘இது இன்னும் ஈரமா கீது. ஒரு வாரம் காயட்டும், அப்பறம் குறி’ என்று அவர் சொன்னார். திங்கட்கிழமை கோலைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் தம் வாழ்நாள் முழுவதும் தோலோடு பழகியவர். நான் ரூல் தடியோடு இரண்டு வருஷம் பழகியவள். யார் சொல் நின்றது என்று நீ கேட்க வேண்டியதில்லை.

அந்த வாரைப் பலகையில் ஆணியடித்து இழுத்துக் கட்டினேன். துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த தண்ணீரில் குச்சியைத் தொட்டுப் பட்டைத்தோலின் மேல் இழுத்தால், கோடு கறுத்துப்போய் எந்தக் காலத்திலும் அழியாது. அப்படி ஆறடிக்கும் அங்குலம் அங்குலமாகக் கறுப்புக் கோடு போட்டேன். அரை அங்குலத்துக்குச் சின்னக் கோடு, கால் அங்குலத்துக்கு இன்னும் சின்னக் கோடு. அவ்வளவு அழகான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை. சமையலறையில் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். மழை நின்றது, பனி வந்தது, வெயில் வந்தது. அடுப்புச் சூட்டில் வாரின் ஈரமெல்லாம் போயிற்று. ஈரம் போகும்போது தோல் சும்மா இருக்குமா? ஒவ்வொரு அடியும் மயிரிழை மயிரிழையாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. என் கறுப்புக் கோடுகளும் கூடவே ஒன்றையொன்று நெருங்கி நின்றன. பார்த்தால் தெரியாது. எண்ணினால் ஆறடியும் இருக்கும். கோல் குறுகினால் அது அளக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தெருவில் என் வாருக்கு இருந்த மதிப்பை நீ பார்த்திருக்கிறாய். தொட்டிலுக்குத் துணி, கூரைக்கு மூங்கில், எதற்கும் என்னையே கூப்பிடுவார்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு நான் அளவு சொல்லி, காதர் பாய் கதவு செய்து கொண்டுவந்தார். அது சட்டத்துக்குள் போகவில்லை. அரை அங்குலம் அகலமாக இருந்தது. நான் அவரை நடுத்தெருவில் நிறுத்திவைத்து இலக்கணத் தமிழில் கண்டித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அக்கா, உங்க வாரு ஜாஸ்தி சொல்லுது. என் பலகை இன்னா பண்ணும்?’ என்று மட்டும் சொன்னார். மரம் மழையில் வீங்கியிருக்கும் என்று நான் தீர்ப்பளித்தேன். அவர் இழைப்புளியை எடுத்து அரை அங்குலத்தையும் சீவித் தள்ளிவிட்டுப் போனார். மழை பெய்து ஆறு மாதம் ஆகியிருந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த வாரால்தான் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உன்னைச் சமையலறைக் கதவோரம் நிறுத்தி அளந்தேன். உன் பத்தொன்பதாவது வயதில், சித்திரை வெயிலில், போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும் உயரம் ஐந்தடி நாலு அங்குலம் வேண்டும் என்றும் செய்தி வந்தது. வாரை இறக்கி அளந்தேன். ஐந்தடி நாலரை. அரை அங்குலம் மிச்சம் என்று நீ வீடெல்லாம் துள்ளினாய். மறுநாள் வேலூருக்குப் போனவன் சாயங்காலமே திரும்பி வந்து, சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். நடந்ததை உன் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்க வேண்டியிருந்தது. உயரம் பார்க்க நட்டிருந்த அளவு மரத்தின் பக்கத்தில் நின்ற டபேதார் உன் தலையில் பலகையை வைத்துப் பார்த்து, ‘அஞ்சடி மூணரை. அரை அங்குலம் கம்மி தம்பி, போய்ட்டு வா’ என்றார். நீ நகராமல், ‘எங்க அம்மா அளந்தாங்க. அஞ்சடி நாலரை’ என்றாய். ‘அப்டியா? அப்போ உங்கம்மாவ இட்டுனு வா. இந்த மரத்தப் புடுங்கிட்டு அவங்கள நட்டு வெச்சிக்கறோம்’ என்று அவர் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வேண்டியவனை ஏற்றுவதற்காக உன்னை இறக்கினார்கள் என்று நீ சொன்னாய். உன் அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வேலூருக்கே கிளம்பிவிட்டார். நான்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது சண்டை எதற்கு என்று சொன்னதாக ஞாபகம்.

நாலாம் நாள், புதிதாகக் கோடு போட வேண்டிய காகிதத்தோடு பள்ளிக்கூடத்து அடிக்கோலும் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு நினைப்பில் வாரை இறக்கி, அடிக்கோலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் அடியில் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம். இரண்டாம் அடியில் அது இரட்டித்தது. ஆறாம் அடிக்கு வந்தபோது என் வார் முடிந்துவிட்டது, அடிக்கோல் ஓர் அங்குலத்துக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் எழுந்தேன். நீயோ தெருவில் நின்று காதர் பாயிடம், ‘எங்க அம்மா அளவு தப்பாது பாய்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த மனுஷர் உன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் நின்ற என் முகத்தைப் பார்த்தார். ‘ஆமா தம்பி, தப்பாது’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வாரைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் போட்டேன். அதைக் காணோமே என்று நீ கேட்டபோது எலி கடித்துவிட்டது என்றேன். நம் வீட்டு எலிகள் அந்தப் பழியை ஒன்பது வருஷமாகச் சுமக்கின்றன. அவற்றை இன்று விடுதலை செய்கிறேன்.

பொய்யால் உனக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை என்றே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். போலீஸ் உத்தியோகம் போன கோபத்தில்தான் நீ அளவுகோலைக் கையில் எடுத்தாய், படம் வரையப் படித்தாய், பட்டணத்துக்குப் போனாய். பொய் நன்மையாகவே முடிந்தது என்று இருந்தவளுக்கு உன் நாலு வரிக் கடிதம் வந்தது. ஒரு மனுஷரின் பேரை நான் கெடுத்தேன். அதை அவர் மகள் சுமக்கப்போகிறாள் என்று அப்போது விளங்கிற்று. உனக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டியது முறை. சென்ற செவ்வாய்க்கிழமை வாரைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு காட்பாடி வரை ரயிலிலும், அங்கிருந்து ஜட்காவிலும் பாகாயத்தில் இருக்கும் டபேதார் வீட்டுக்குப் போனேன்.

டபேதார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுப் பின்புறம் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார். ‘வாங்கம்மா, இன்னா விஷயம்?’ என்று கேட்டவருக்கு நான் ஆம்பூரிலிருந்தே தயார் செய்துகொண்டு போன உரையை நின்றபடியே சொன்னேன். ‘கனம் பொருந்திய ஐயா அவர்களே’ என்று தொடங்கினேன். பாதியில் உரை மறந்துபோயிற்று. மீதியை வாரை விரித்துக் காட்டி முடித்தேன். அவர் குனிந்து பார்த்தார்; அவர் மனைவி பார்த்தார். எஸ்தர் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தாள். தரையில் உட்கார்ந்து கோடுகளை எண்ணி, வாரின் மேல் சாண் போட்டாள். ‘ஆறடிக்கு எட்டு சாண் வரணும்ங்க. ஒரு விரக்கடைக்கு மேல கம்மி’ என்றாள். நான் அடிக்கோல் வைத்துக் கண்டதை அவள் கையாலேயே கண்டாள். டபேதார் அதன் பிறகுதான் பேசினார். அவர் பேச்சை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

‘உங்க புள்ளய நான் மறக்கலம்மா. மரத்துல சாஞ்சதும் அத்தினி பேரும் குதிகாலத் தூக்குவான். தூக்காதவனே கெடையாது. உங்க புள்ள ஒருத்தன்தான் பாதம் பதிய நின்னான். கொஞ்சம் எக்குடான்னு கண்ணால காட்டறேன், அவன் பாட்டுக்கு நிக்கறான். அம்மா அளந்து அனுப்பிட்டாங்க, அவன் இன்னாத்துக்கு எக்கணும்? நெசமா அவன் அஞ்சடி மூணே கால்தான். நான் கால் அங்குலம் சேத்துதான் சொன்னேன். அதுக்கு மேல எனக்கு மனசு வரல. அந்தக் கேலி வார்த்தைய வுட்டது என் தப்பு. வுட்டதும் அவன் மூஞ்சி போன போக்க இன்னிக்கும் பாக்கறேன். அப்டி நின்ன புள்ள எங்க கீறான்னு உபதேசியார்கிட்ட நானேதான் கேட்டேன்.’

பெண் கொடுப்பதாக ஆள் வந்தது ஏன் என்று நாம் இருவரும் யோசிக்கவே இல்லை, தானியேல். மைதானத்தில் நீ தோற்றதாக நினைத்த அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துத்தான் அவர் தம் மகளைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். ஐந்தாவது கடிதத்தை நான் கிழிக்காததற்கு இதுதான் காரணம்.

உத்தியோகத்தில் எத்தனையோ அளவுகோல்களை நீ கையாளுகிறாய். அவற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தருவதற்கு ஒன்றுமில்லை. என் அனுபவத்தில் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கோலை இன்னொரு கோலோடு ஒத்துப்பார்க்காமல் நம்பாதே. அது உன் அம்மாவுடையதாக இருந்தாலும் நம்பாதே. நான் ஈரத்தோலில் குறித்தேன். நீயும் பத்தொன்பது வயதில், அவமானம் காயாமல் இருந்தபோது, ஒரு மனுஷரைக் குறித்துவைத்தாய். இரண்டு குறியும் அழியாதவை என்று நாம் நினைத்தோம். என்னுடையதை நான் திருத்தியாயிற்று. காதர் பாயிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘ஜன்னல் இப்போ நல்லா மூடுதா அக்கா?’ என்று மட்டும் கேட்டார். நன்றாக மூடுகிறது.

மறைக்காமல் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, நான் புறப்படும்போது டபேதார் வாசல் வரை வந்து, ‘எம் பொண்ணு அஞ்சடி நாலும்மா. இப்பவே சொல்லிட்டேன். அப்பறமா அளவுல மோசம்னு யாரும் பேஜார் பண்ணக்கூடாது’ என்றார். ஆகையால் அவள் உன்னைவிட முக்கால் அங்குலம் உயரம். எனக்கும் உன் அப்பாவுக்கும் அது பெரிதல்ல. உனக்கு எப்படியென்று நீதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, வாரை உனக்கு அனுப்பிவைக்கலாம் என்று எண்ணியிருந்தேன். இப்போது அது என்னிடம் இல்லை. நீ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அதைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று எஸ்தர் கேட்டாள். கொடுத்துவிட்டேன். தப்பான அளவுகோல் எதற்கம்மா என்று கேட்டேன். ‘அவர் இத நம்பித்தானே பாதம் பதிய நின்னாரு’ என்றாள்.

அவர்கள் பாகாயத்தில் உன் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். உன் அப்பா தினமும் தபால்காரரை எதிர்கொண்டு தெருமுனைக்குப் போகிறார். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும், இந்தக் கடிதம் கண்ட மறு தபாலிலேயே பதில் எழுது.

உன் அம்மா